எங்கள் கடை சொல்லிவிட்ட ரகசியம்

போன சனிக்கிழமை காலை என் மனைவி ஸ்டெல்லாவுக்கு ஒரு போன். பாலோ ஊரிலிருந்து ஒரு பெண். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

ஸ்டெல்லா ஜொகூரின் சிகாமட்டில், வீட்டிலிருந்தபடியே குழந்தைகளுக்குச் சட்டையும் தொப்பியும் தைத்து விற்கிறாள். அதற்கு இணையத்தில் அகப்பக்கம் அமைத்துக் கொடுத்த மேதை... அடியேன்தான்.

அந்தப் பெண்ணுக்கு இது இரண்டாவது மாதம். முன்பு ஒரு கரு கலைந்துவிட்டதால், மூன்று மாதம் முடியும்வரை கணவரைத் தவிர யாருக்கும் சொல்வதில்லை என்று இருந்திருக்கிறார். ஆசை விடுமா? வீட்டில் எல்லாரும் பயன்படுத்தும் கணினியில் எங்கள் தொப்பிகளைப் பார்த்துவிட்டு மூடிவிட்டார்.

மறுநாள் அதே கணினியில் மாமியார் மீன் குழம்பு வீடியோ பார்க்கிறார். பக்கத்தில் எங்கள் மஞ்சள் தொப்பி விளம்பரம். அடுத்த வீடியோ – மறுபடியும் தொப்பி. மாமியாருக்குப் புரியாதா? சாயங்காலத்துக்குள் சிங்கப்பூரில் வேலை செய்யும் நாத்தனார் வாழ்த்துச் சொல்லிவிட்டார்.

"நான் யார்கிட்டயும் சொல்லலக்கா. உங்க கடை சொல்லிருச்சு."

ஸ்டெல்லா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நம்ம பக்கம் கேட்டுட்டுத்தான் எதையும் செய்யும்னு சொன்னீங்களே?"

கேட்கத்தான் செய்தது. வந்தவரை அடையாளம் வைத்துக்கொள்ளும் சிறு கோப்புதான் குக்கி; 'குக்கிகளைப் பயன்படுத்துகிறோம்' என்று கீழே ஒரு பட்டை. அதில் ஒரே ஒரு பொத்தான் – 'சரி'. அதை அழுத்தும் முன்பே, வந்தவரைக் குறித்துக்கொண்டு போகுமிடமெல்லாம் விளம்பரம் காட்டும் வேலை தொடங்கிவிடும். 'உங்கள் அந்தரங்கத்தை மதிக்கிறோம்' என்ற பக்கம்? எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. அன்றுதான் முதன்முதலாகப் படித்தேன். வெட்கமாக இருந்தது.

துரத்தும் விளம்பரத்தை அன்றே நிறுத்தினேன். சம்மதம் வரும்வரை எந்தக் குக்கியும் ஓடாதபடி மாற்றினேன். 'சரி'க்குப் பக்கத்தில் அதே அளவில் 'வேண்டாம்'. சோதித்துப் பார்க்கச் சொன்னேன். ஸ்டெல்லாவின் விரல் நேராக 'வேண்டாம்' மேல் போனது... துளிகூடத் தயக்கமில்லை.

பிறகு இருவருமாக அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டோம். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

"பரவால்ல லா. அத்தை இப்ப என்னைத் துணி வாளிகூட தூக்க விடறதில்ல" என்றார். பயந்ததுபோல் யாரும் துருவிக் கேட்கவில்லையாம். ஸ்டெல்லா ஆர்வத்தில் குழந்தைக்கு ஏதாவது அனுப்பட்டுமா என்றாள்.

"இப்ப வேணாங்க்கா. மூணு மாசம் முடியட்டும். நானே கூப்பிடறேன்."

சம்மதம் என்றால் இதுதான் போலிருக்கிறது – அவர்களே கூப்பிடும்வரை நாம் வாயைத் திறக்காமல் இருப்பது.