தண்டில்லாத காளான்

எந்தக் காளானையும் தையலம்மா முதலில் தலைகீழாகத்தான் பார்ப்பார். மழை விட்ட மறுநாள் பைன் தோப்புக்குப் போய்வருகிறவர்கள், கிடைத்ததை நேரே அவருடைய தையல் மேசைமேல் கொண்டுவந்து வைப்பார்கள். "சட்டையும் சரி, காளானும் சரி, உள்பக்கம் பாத்தாத்தான் லட்சணம் தெரியும்" என்பார், வாயில் இரண்டு குண்டூசிகளோடு. இதுவரை ஒன்றையும் விழுங்கியதில்லை.

குடைக்கு அடியில் மடிப்பு மடிப்பாக இருந்தால் தள்ளிவிடுவார். பஞ்சு மாதிரி பொடித் துளைகள் இருந்தால்தான் கண் மின்னும். துளை சிவந்திருக்கிறதா, கீறினால் நீலம் பாய்கிறதா என்று விஷத்தின் அடையாளம் பார்ப்பார். சந்தேகம் வந்தால் குப்பைக்கூடைதான், கெஞ்சினாலும் நடக்காது. கீறுகிற சின்னக் கத்தியைப் பெற்ற மகளைக்கூடத் தொடவிட மாட்டார்.

அன்று வந்தவர் மாப்பிள்ளை. கல்யாணமாகி இரண்டு வருஷமாகியும் அந்த வீட்டில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து எழுந்துபோகிறவர். கூடையில் ஆறு பழுப்புத் தலைகள், துடைத்துச் சுத்தமாக.

"தண்டு எங்க மாப்ள?"

"ஒரே மண்ணு அத்தை. அங்கயே அறுத்துப் போட்டுட்டேன்."

"அடையாளமே அதுலதான இருக்கு! இத எப்படி என் பொண்ணு தட்டுல வைக்கிறது?"

மாப்பிள்ளையின் முகம் வாடிவிட்டது. கூடையைத் தூக்கினார். தையலம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. ஊசிகளை எடுத்துத் துணியில் குத்தினார். "இருங்க, நானும் வரேன். எடத்தக் காட்டுங்க."

தோப்பில் மூடுபனி. உதிர்ந்த ஊசியிலைமேல் நடந்தால் சொந்தக் காலடியே கேட்காது. அங்கே போனால் தையலம்மாவுக்கு முழங்கால் வலி மறந்துவிடும், கடை மறந்துவிடும், ஏதோ தூக்கத்துக்குள் நடப்பதுபோல் ஒரு சுகம். மரம் மரமாகக் குனிந்து, அறுபட்ட தண்டுகளைத் தேடி, தலையை வெட்டோடு வெட்டு வைத்துப் பொருத்தினார். தண்டின் கழுத்தைச் சுற்றி வெள்ளை நூல் வலை. "கருத்த வலைன்னா கசப்பு மாப்ள. ஒண்ணு விழுந்தாப் போதும், சட்டியே போச்சு."

ஐந்துக்கு ஜோடி கிடைத்தது. ஆறாவதுதான் இருப்பதில் பெரியது, அழகானது. அதன் தண்டை மட்டும் காணவில்லை. தேடித் தேடி இருவருக்கும் இடுப்பு விட்டுப்போனது.

மாப்பிள்ளை அதை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, மரத்தடியில் போட்டார்.

தையலம்மா சின்னக் கத்தியை எடுத்து, முந்தானையில் துடைத்து, பிடி மாப்பிள்ளை பக்கம் இருக்கும்படி நீட்டினார்.