மீன் கழுவிய தண்ணீர்

எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒரு வேளாண்மை டெப்போவில் அசிஸ்டெண்டாக இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. சாத்தான்குளத்தில் அப்பா அம்மா இறந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு லாட்ஜுக்கு வந்தவன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பேச ஆளில்லாமல் பைத்தியம் பிடிக்கும்.

டெப்போவுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு கைவைத்தியத்தோடுதான் வருவார்கள். நான் எதையும் சிரித்து ஒதுக்கியதில்லை. வேப்பெண்ணெயில் பார் சோப்பைக் கரைத்து அடித்தால் அசுவினிப் பூச்சி சாகத்தான் செய்கிறது. முட்டை ஓடு மக்குவதற்குள் செடிக்கே வயதாகிவிடும். மேனேஜருக்குத்தான் இதெல்லாம் ஆகாது. "ஏலே, எல்லாரும் புளிச்ச மோரைத் தெளிச்சா இங்கன இருக்க மருந்து டப்பாவை எவன் வாங்குவான்?" என்பார்.

ஒருநாள் திரேஸ்புரத்திலிருந்து ஒரு பெரியவர் கருகிய ரோஜா இலையோடு வந்தார். அந்தோணி அண்ணாச்சி. கொழும்புத் தோணியில் தலைவராக, தண்டலாக இருந்தவர், வயதாகிக் கரையேறிவிட்டார். மனைவி இறந்து வீட்டில் தனி ஆள். செடி அந்த அம்மா வைத்தது.

"அது பட்டுப்போச்சுன்னா அவ ஞாபகத்துக்கு ஒண்ணும் இல்ல, ஆபீசர்" என்றார். நான் ஆபீசர் இல்லை என்றால் கேட்கமாட்டார்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பூச்சி இல்லை. இலை ஓரம் மட்டும் எரிந்திருந்தது.

"என்ன ஊத்துதீங்க, அண்ணாச்சி?"

"மீன் கழுவுன தண்ணி. நல்ல உரம்னு எல்லாரும் சொல்லுதானுவல்லா."

"மீனை எந்தத் தண்ணியில கழுவுதீங்க?"

"இது என்னவே கேள்வி? கடல் தண்ணியிலதான். குடிக்க தண்ணிக்கே குழாயடியில காத்துக் கிடக்கணும். அதையா மீனுக்கு ஊத்துவாங்க?"

எங்கள் ஊரில் கிணற்றுத் தண்ணீரில் கழுவி, புளிக்கவைத்து, இன்னும் தண்ணீர் கலந்து ஊற்றுவார்கள். செடி தழைக்கும். அதே வைத்தியம் இங்கே உப்போடு சேர்ந்து வேரைப் பொசுக்கிவிட்டது. இரண்டு பேரும் குழாய்த் தண்ணீர் சுமந்து, உப்பு கீழே இறங்கும்வரை ஊற்றினோம்.

அப்புறம் ஞாயிறுதோறும் போனேன். கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்துக் கடல் கதை பேசுவார். துளிர் விட்டது, மொட்டும் வைத்தது. இனி என்ன சாக்குச் சொல்லிப் போவது என்று கூச்சமாக இருந்தது. போவதை நிறுத்திவிட்டேன்.

கொஞ்ச நாளில் மறுபடியும் கருகிய இலையோடு வந்தார். போய் மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"தெரிஞ்சே ஊத்தியிருக்கீங்களே! அவங்க வச்ச செடியில்லா?"

"அவ கோவிக்கமாட்டா வே" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "செடி நல்லாயிருந்தா நீரு எதுக்கு இங்கன வரப்போறீரு?"

போகாத அத்தனை ஞாயிறும் லாட்ஜ் கட்டிலில் விட்டத்தைப் பார்த்துக் கிடந்தவன் நான். குடத்தை எடுத்துக்கொண்டு இருவரும் குழாயடிக்கு நடந்தோம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கைவைத்தியம் பலிக்குமா என்று யாராவது கேட்டால், எந்தத் தண்ணீர் என்று முதலில் கேளுங்கள். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

இரண்டாம் முறை அந்தச் செடி பிழைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் போவது மட்டும் நிற்கவில்லை.