பத்துக்குப் பத்து வாங்கிய பிள்ளை

அஞ்சலை மைதானத்தில் விழுந்தபோது என் வாயில் விசில் இருந்தது. அதை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. நான் விட்ட மூச்சில் அது தானாகக் கீச்சிட்டது. எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தச் சத்தம் என்னை விடவில்லை.

காளியம்மனை நம்பி வாழும் அன்பர்களே, நான் குடவாசல் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்தவன். ஆட்சி மாறியிருந்த புதிது. சம்பா அறுப்பு நேரம். அறுக்கும் ஒவ்வொரு கலம் நெல்லுக்கும் அரைப்படி கூலி கூடக் கேட்டு, அறுப்பாட்கள் வயலில் இறங்காமல் இருந்தார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவரப் பார்த்தார்கள். முற்றிய கதிர் வயலில் சாய்ந்து கிடந்தது. பக்கத்து ஊரில் வைக்கோல் போர் எரிந்தது என்றார்கள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் என்னிடம்தான் படித்தார்கள். தினமும் பயந்துகொண்டேதான் பள்ளிக்கூடம் போவேன்.

அந்த மாசி வெள்ளிக்கிழமை உடல்திறன் தேர்வு. முதலில் சுகாதாரப் பழக்கங்கள் பற்றி வாய்மொழியாகப் பத்துக் கேள்வி. பிறகு மைதானத்தைச் சுற்றி நான்கு சுற்று ஓட்டம். மார்க் குறைந்து பள்ளிக்கூடத்தின் மானம் போய்விடக் கூடாதென்று விடைகளை ஒரு மாதமாக உருப்போட வைத்திருந்தேன். முதல் கேள்வி, இன்று காலை என்ன சாப்பிட்டாய் என்பது. அறுப்பாள் மாரிமுத்துவின் மகள் அஞ்சலை, ஒன்பதாம் வகுப்பு, கையைக் கட்டிக்கொண்டு பளிச்சென்று சொன்னாள்.

"பால், முட்டை, கீரை, பழம் சார்."

மற்ற ஒன்பதுக்கும் அப்படியே. பத்துக்குப் பத்து போட்டேன். எல்லோர் முன்னாலும் பாராட்டினேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

மூன்றாவது சுற்றில் விழுந்தாள். ஓடிப்போய்த் தொட்டேன். உடம்பெல்லாம் வேர்வை, கை மட்டும் சில்லென்று இருந்தது. கண் சொருகியிருந்தது. பக்கத்தில் நின்ற அவளுடைய தோழி அழுதுகொண்டே சொன்னாள்.

"அவங்க வீட்ல ரெண்டு நாளா அடுப்பு எரியல சார்."

"பால், முட்டைன்னு சொன்னாளே!"

"நீங்கதானே சார் அப்படிச் சொன்னாத்தான் மார்க்குன்னீங்க?"

வேப்பமர நிழலுக்குத் தூக்கிப் போனேன். ஆஸ்பத்திரி நான்கு மைல். கலவர பயத்தில் பஸ் ஓடவில்லை. அதற்குள் பள்ளிக்கூடத்தில் அஞ்சலையை அடித்துப் போட்டுவிட்டார்கள் என்று தெருவெல்லாம் பரவிவிட்டது. மாரிமுத்து கையில் அரிவாளோடு ஓடிவந்தான். பின்னால் இருபது பேர். அவர்கள் திரண்டு போவதைப் பார்த்து, மிராசுதார் தெருவிலிருந்தும் கம்போடு ஆட்கள் வந்துவிட்டார்கள். நடுவில் நானும் அந்தப் பிள்ளையும்.

"என்ன பண்ணுனீங்க சார் எம் பொண்ண?"

இவள் கண் திறக்காவிட்டால் இன்று இந்த ஊர் எரியும் என்று தெரிந்தது. மைதானத்தை ஒட்டி நம் அம்மன் கோயில். அந்தப் பக்கம் திரும்பி முழங்காலில் விழுந்தேன். "தாயே, தப்பு என்னுடையது. பிள்ளையைக் கொடுத்துவிடு. தண்டனையை எனக்குக் கொடு." அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

"தள்ளுங்க, வழி விடுங்க."

பெரிய மிராசுதார் வீட்டு அம்மா. ஊர்ச் சண்டையில் புருஷனுக்கு ஒன்றும் ஆகக் கூடாதென்று, வெள்ளிதோறும் அம்மனுக்குப் பானகம் படைப்பதாக வேண்டுதல் அவருக்கு. இடுப்பில் பானகச் செம்போடு, கம்புக்கும் அரிவாளுக்கும் நடுவே நடந்து வந்தார். அந்தக் காலத்தில் மாரிமுத்து தெரு ஆட்களின் நிழல்கூட அவர் மேல் பட விடமாட்டார்கள். அவர் தரையில் உட்கார்ந்து அஞ்சலையின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"மயங்கினவங்க வாயில எதையும் ஊத்தக் கூடாதும்மா" என்று உளறினேன். அது ஏழாம் கேள்வி.

"ஊத்தல சார். தடவுறேன்."

வெல்லத் தண்ணீரை விரலில் தொட்டு உதட்டுக்கு உள்ளே தடவினார். மறுபடி தடவினார். எவ்வளவு நேரமோ தெரியாது. அஞ்சலையின் நாக்கு அசைந்தது. கண் திறந்தாள். என்னைப் பார்த்ததும் பயந்துபோய்க் கேட்டாள்.

"இன்னும் ஒரு சுத்து ஓடணுமா சார்?"

மாரிமுத்து அரிவாளைக் கீழே போட்டுவிட்டு அழுதான். நானும் அழுதேன். அந்த அம்மா வீட்டு வில்வண்டியில்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வண்டிக்கு இரு பக்கமும் இரண்டு தெரு ஆட்களும் நடந்தார்கள். கூலிச் சண்டை அன்றோடு தீர்ந்துவிடவில்லை. ஆனால் அன்று ஊரில் ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை.

அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தேன். பதிலை உருப்போட வைப்பதை விட்டேன். ஓய்வு பெறும்வரை, ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து, சாப்பிட்டாயா என்று கேட்காமல் ஓட விட்டதில்லை. இல்லை என்று சொன்னவர்களுக்குப் பானகம் என் மேசைக்கடியில் இருக்கும்.

பயத்தில் வார்த்தை வராமல் போனாலும் அம்மனைக் கூப்பிடுங்கள், அன்பர்களே. அவள் எந்தத் தெருவிலிருந்து, யார் இடுப்பில் வருவாள் என்று மட்டும் நீங்கள் முடிவு செய்யாதீர்கள்.

அடுத்த வருஷத் தேர்வில் அதே கேள்வியை அஞ்சலையிடம் கேட்டேன். கொஞ்சம் தயங்கினாள்.

"பழைய சோறு சார். உப்பு மட்டும்."

பத்துக்குப் பத்து போட்டேன்.