கச்சான் புகாத ஹால்

உப்பூர்ப் பக்கம் உப்பளத்தை மேற்பார்வை பார்த்த வெள்ளைக்காரர், நாற்பத்தேழில் ஊருக்குக் கிளம்பும்போது ஒரு பெட்டி நிறைய மர உருண்டைகளை விட்டுவிட்டுப் போனார். பௌல்ஸ் என்று அந்த ஆட்டத்துக்குப் பெயர். சின்ன வெள்ளைப் பந்தைத் தூரத்தில் உருட்டிவிட்டு, அதன் பக்கத்தில் யாருடைய உருண்டை போய் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். உருண்டையின் ஒரு பக்கத்தைச் சற்றுச் சப்பையாகக் கடைந்திருப்பார்கள். நேராகப் போகாது, வளையும். அவர்கள் புல்தரையில் ஆடினார்கள். எங்களுக்குப் புல் ஏது? கெட்டித்துப்போன உப்புப் பாத்திதான்.

காலேஜ் முடித்து வந்த எனக்கு அதில் பைத்தியம் பிடித்தது. சில வருஷங்கள் கரையோரத்தில் என்னை ஜெயிக்க ஆளில்லை. கோப்பைகளும் வந்தன. ஆனால் அந்தக் காலத்தை நினைத்தால் களைப்புதான் முதலில் வருகிறது: உப்பில் வெடித்த பாதம், குனிந்து குனிந்து கழன்றுபோன இடுப்பு, நின்றுகொண்டே வந்த பஸ் பயணம்.

அய்யாவுக்குப் பொறுமை தீர்ந்தது.

"கடைசியா ஒரு தடவ போ. ஜெயிச்சா மெட்ராசுக்குப் போய் உருட்டு. தோத்தா அபிராமத்துல நம்ம மொளகா மண்டியில வந்து ஒக்காரணும்."

"சரிங்கய்யா."

ராமநாதபுரத்தில் ஒரு கிளப் ஹாலுக்குள் போட்டி. ஜெயிப்பவருக்கு மெட்ராஸ். நீளமாக நார்ப்பாய் விரித்து, புழுதிக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். எதிராளி மதுரை ரயில்வே குமாஸ்தா, தொப்பைக்காரர். எனக்குத் துணை கீழக்கரைச் சங்கு வியாபாரியின் மகன், காலேஜ் சேக்காளி.

முதல் உருண்டை ஒரு முழம் தள்ளிப் போய் நின்றது. அடுத்ததும் அப்படியே. அப்போதுதான் புரிந்தது. பாத்தியில் நாங்கள் ஆடுவது சாயங்காலம், மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் நேரம். காற்று தள்ளும் அளவுக்கு ஒதுக்கி விட்டே கை பழகிவிட்டது. இங்கே காற்றே இல்லை.

"யா அல்லா, எங்கனல காத்தடிக்குது? செவத்துக்குள்ளயா?" என்றான் சேக்காளி.

"தெரியுதுடா. கை கேக்க மாட்டேங்குது."

"அப்ப காத்தக் கூட்டியாந்துர வேண்டியதுதான்." ஓடிப்போய் மேற்கு ஜன்னலைத் திறந்துவிட்டான். மேசையில் இருந்த காகிதமெல்லாம் பறந்தது.

"யாருய்யா அது? சாத்து!" என்று நடுவர் கத்தினார்.

"இருக்கட்டும் சார். அப்படியே ஒரு வத்தைப் படகையும் உள்ள தள்ளிட்டு வரச் சொல்லுங்க, தம்பி பாய் விரிச்சு ஓட்டட்டும்" என்றார் குமாஸ்தா. ஹாலே சிரித்தது. ஜன்னலைச் சாத்தினார்கள்.

கடைசி உருண்டைக்குக் கையை நெருக்கிப் பிடித்தேன். பயந்த கை. பாதி வழியிலேயே உருண்டை சோர்ந்து நின்றது. குமாஸ்தா என் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

"அழுறியால?" என்றான் சேக்காளி.

"இல்லடா. எங்கயாவது ஒக்காரணும்போல இருக்கு."

திங்கட்கிழமை மண்டியில் சாக்குமேல் உட்கார்ந்தேன். மிளகாய் நெடி கண்ணில் ஏறியது.

"அங்கன என்ன ஒக்காந்திருக்க? தராசுகிட்ட வா" என்றார் அய்யா.

எழுந்து போனேன்.