தன் சில்லில் வந்த கார்

போன கோடையில், வீடுபோல அமைத்த மோட்டார்ஹோம் வண்டியின் பின்னால் எங்கள் காரையும் கொளுவிக்கொண்டு கனடாவின் ஸ்காபரோவிலிருந்து வடக்கே ஏரிக்கரைக்குப் புறப்பட்டோம். அரிசி மூட்டை, இறைச்சிப் பெட்டி, தண்ணீர்க் கான்கள் எல்லாவற்றையும் நான் காருக்குள்தான் அடுக்கினேன்.

"பாரம் கூடிப்போகாதோ?" என்று கணவர் கேட்டார்.

"உது தன்ர சில்லிலதானே உருண்டு வருது. எங்களுக்கென்ன பாரம்?" என்றேன்.

காலைப் பனிப்புகாருக்குள் பின் யன்னலால் பார்த்தபடி வந்தேன். ஆளில்லாத காரின் ஸ்டியரிங் வளைவுகளில் மெல்ல மெல்லத் தானாகத் திரும்பியது. கண்ணுக்குத் தெரியாத யாரோ எங்களோடு விடுமுறைக்கு வருவதுபோல இருந்தது. எனக்குக் கண் சொருகியது.

நீண்ட இறக்கம் ஒன்றில் கணவர் பிரேக்கை மிதித்தார். வேகம் குறையவில்லை. கார் பின்னாலிருந்து எங்களைத் தள்ளியது.

"பிடிக்குதில்லையப்பா!" என்று கத்தினார்.

கீழே சிவப்பு விளக்கில் வாகனங்கள் நின்றன. வீதியோரச் சரளையில் இறக்கியதால், ஒரு கார் நீளம் மிச்சமிருக்க நின்றோம்.

இப்போது காருக்கும் தனி பிரேக் பூட்டியிருக்கிறோம். சாமான் ஏற்றியபின் இரண்டையும் லொறித் தராசில் நிறை பார்த்து, அனுமதித்த எடைக்குள் இருந்தால்தான் பயணம்.

ஸ்டியரிங் இன்னமும் தானாகத்தான் திரும்புகிறது. பிரேக் மிதிக்க அந்தச் சீட்டில் ஆளில்லை என்பதை மட்டும் நான் மறப்பதில்லை.