அண்ணன் என்று எழுதியது நான்தான்

அந்த இருவரையும் அண்ணன் தம்பி ஆக்கியது நான்தான். சேனல்காரர்கள் இல்லை, தணிக்கை இல்லை, யாருடைய மிரட்டலும் இல்லை. நானே செய்தேன்!

தலையும் வாலும் இல்லாமல் சொன்னால் உங்களுக்குப் புரியாது. ஓசூர்த் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் சீனிவாசன் ஒரு நாவல் எழுதினான். கம்பெனிக் கபடி அணியில் இடது ஓரம் காக்கும் இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் காதலிக்கிற கதை. ரைடு வருபவனை மடக்க, ஓரத்தில் நிற்கும் இருவரும் கைகோத்துத்தான் நிற்பார்கள். ஊரே பார்க்க, பட்டப்பகலில், இரண்டு ஆண்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்! அந்த ஒன்றை வைத்தே முழு நாவலையும் எழுதியிருந்தான். அதில் வருவது அவனும், அவனோடு ஒரே வீட்டில் குடியிருந்த அஞ்செட்டிக்காரன் முருகேசனும்தான். முருகேசன் நான்கு வயது மூத்தவன்.

அதைத் தொலைக்காட்சித் தொடராக்க, திரைக்கதையும் வசனமும் எழுதும் வேலை எனக்கு வந்தது.

சீனிவாசன் சம்மதித்தது பேருக்கோ புகழுக்கோ இல்லை. முதல் சந்திப்பிலேயே காரணத்தைச் சொல்லிவிட்டான்.

"எங்கம்மாவுக்குத் தமிழ் படிக்க வராது சார், வீட்ல தெலுங்குதான். ஆனா டிவின்னா உசுரு. ரெண்டு வருசமா சொல்லணும் சொல்லணும்னு வாய் வரைக்கும் வருது, முழுங்கிடறேன். இது டிவில வந்துச்சுன்னா பக்கத்துல உக்காந்து பாப்பேன். கடைசில, 'அது நாங்கதாம்மா'ன்னு ஒரு வார்த்த சொன்னா போதும் சார்."

கேட்டீர்களா? அவனுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஓர் இடம். அதை அமைத்துத் தருவதாக அவன் கையைப் பிடித்துச் சொன்னேன்.

சேனலில் பொறுப்பிலிருந்த அம்மையார் நாவலை முழுதும் படித்திருந்தார். "எதையும் மாத்திடாதீங்க ஜெரோம், இப்படியே போகட்டும்" என்றார். நானும் பலமாகத் தலையாட்டினேன்.

பிறகு எழுத உட்கார்ந்தேன்... நான்காம் பகுதி. ஷிப்ட் முடிந்து வரும் கம்பெனிப் பேருந்தில் ஒருவன் தோளில் மற்றவன் சாய்கிறான். "நீ இல்லாம எனக்கு ஆவாதுடா" என்கிறான். நன்றாக வந்தது. அவ்வளவு நன்றாக வந்ததுதான் வினை!

இதெல்லாம் இவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிடுவார்களே... நாற்பத்தொரு வயதாகியும் ஏன் கல்யாணம் வேண்டாம் என்கிறாய் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன சொந்தக்காரர்கள், ஞாயிறு பூசையில் என் பக்கத்தில் நின்று பாடுகிறவர்கள், என் தங்கையின் மாமியார்... எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது. என்மேல் சந்தேகம் விழுந்துவிடுமே என்று நடுங்கினேன். அந்தச் சந்தேகம் தவறா? இல்லை. நானும் அந்த இருவரையும் போன்றவன்தான். இதையும் இன்றுதான் முதன்முறையாக எழுதுகிறேன்.

வசனத்தில் இருந்த 'டா'வை அடித்தேன். "நீ இல்லாம எனக்கு ஆவாதுண்ணே" என்று மாற்றினேன். ஒரே சொல்! சிறுவயதில் பிரிந்த அண்ணனும் தம்பியும் கபடிக் களத்தில் சேர்கிறார்கள் என்று மீதிக் கதை தானாக ஓடியது.

சேனல் அம்மையாரிடம், "நாவல் எழுதினவரே பயப்படறார் மேடம், மாத்தச் சொல்லிட்டார்" என்றேன். சீனிவாசனிடம், "சேனல்ல ஒத்துக்கல தம்பி, தலகீழா நின்னு பாத்துட்டேன்" என்றேன். இருவரும் ஒருமுறை பேசியிருந்தால் என் வண்டவாளம் வெளியே வந்திருக்கும். நான் பேச விடவில்லை.

"பரவால்ல சார், உங்களால முடிஞ்சத செஞ்சிருப்பீங்க" என்றான் அவன். பாவி... நாலு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா!

கடைசிப் பகுதி ஒரு ஞாயிறு மதியம் ஒளிபரப்பானது. சீனிவாசன் வீட்டில் எனக்குச் சாப்பாடு. அவன் அம்மா லட்சுமம்மா, பேரிகை என்கிற அவர்கள் ஊரிலிருந்து ஒரு பை அவரைக்காயோடு வந்திருந்தார். கொட்டையை உரித்துக்கொண்டே பார்த்தவர், பாதியில் உரிப்பதை விட்டுவிட்டு அழ ஆரம்பித்தார்.

முடிந்ததும் முருகேசனை அருகே அழைத்தார். "இனிமே நீதாம்ப்பா எனக்கு மூத்தவன். இவனுக்குக் கூடப்பொறந்தவன் இல்லாத கொற தீந்துச்சு" என்றார். பிறகு மகனிடம், "என்ன நாயனா, பெரியவனப் போயி வாடா போடாங்கற? அண்ணான்னு கூப்புடு. என் கண்ணு முன்னால ஒரு தடவ கூப்புடு" என்றார்.

சீனிவாசன் என்னைப் பார்த்தான். நான் டிவியைப் பார்த்தேன். விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா, அது வந்து..." என்று தொடங்கினான்.

"நீ சும்மா இரு! சாரே சொல்லட்டும். நான் சொல்றது சரிதான சார்?"

உண்மையைச் சொல்ல அதைவிட வேறு சந்தர்ப்பம் எனக்கு வாய்க்குமா? என் எதிரில் மூன்று பேர் காத்திருந்தார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"சரிதாம்மா" என்றேன்.

"அண்ணா" என்றான் சீனிவாசன்.

முருகேசன் தண்ணீர் குடிக்கப் போகிறவன்போல் எழுந்து சமையலறைக்குப் போனான், வெகுநேரம் வரவில்லை. அதற்குள் லட்சுமம்மா, பெரியவனுக்கு முதலில் பெண் பார்த்துவிட்டு, சின்னவனுக்கு அடுத்த தையில் முடிக்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு மாதத்தில் முருகேசன் கிருஷ்ணகிரியில் வேறு வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். "அண்ணான்னு கூப்புட்ட வாயால இனி என்ன எப்படிடா கூப்புடுவ?" என்று கேட்டானாம். அம்மாவிடம் இப்போதாவது சொல்லிவிடேன் என்றேன் சீனிவாசனிடம். எந்த முகத்தோடு சொன்னேனோ! "இப்ப சொன்னா, கூடப்பொறந்தவனப் போயாடான்னு அம்மா கேக்கும் சார்" என்றான்.

மாதந்தோறும் பாவசங்கீர்த்தனத்துக்கு மண்டியிடுகிறேன். கோபப்பட்டது, பொறாமைப்பட்டது எல்லாவற்றையும் சொல்கிறேன். இதைச் சொல்ல மட்டும் நா எழுவதில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேனே, நெஞ்சு லேசாகிவிட்டதா? இல்லை... வெட்கம்தான் கூடியிருக்கிறது.

போன வாரம் சீனிவாசன் பேசினான். "அன்னிக்கு அந்த சேனல்காரங்க மட்டும் ஒத்துக்கிட்டிருந்தா சார்..." என்று தொடங்கியவன், வாய்க்கு வந்தபடி அவர்களைத் திட்டினான்.

நானும் அவனோடு சேர்ந்து திட்டினேன்.