பன்னிரண்டாவது சுற்று

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் என் வீட்டுக்காரரை ‘ரெக்கார்டு ரூம் பலராமன்’ என்றால்தான் தெரியும். எந்த வருஷத்துக் கோப்பைக் கேட்டாலும், எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். அதை எல்லோரும் அவருடைய திறமை என்று மெச்சினார்கள். எழுந்திருக்கக் கஷ்டப்பட்டுத்தான் மனுஷன் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தார் என்பது, கட்டிய பெண்டாட்டி எனக்கே வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

நாற்காலியை விட்டு எழும்போது முதலில் முட்டியில் கை ஊன்றுவார். பிறகு தொடையில் ஊன்றுவார். தன் உடம்பின்மேல் தானே ஏறுவது போல ஏறித்தான் நிமிர்வார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “முப்பத்தாறு வயசுல இன்னாங்க கெழவன் மாதிரி? எல்லாம் சோம்பேறித்தனம்!” என்றேன். சத்துணவுக் கூடத்தில் நூற்றிருபது பிள்ளைகளை அதட்டிப் பழகிய வாய் இது. அன்றைக்கு மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அவரும் அதை நம்பிவிட்டார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தினமும் இருபது பஸ்கி போடுவார். கால் வெடவெடவென்று ஆடும். மறுநாள் இருபத்தைந்து. எங்கள் தெருவில் மண்ணாங்கட்டி என்று ஒரு லைன்மேன் இருக்கிறார். கரண்டுக் கம்பத்தில் ஏறி இறங்கியே கால் இரண்டும் உலக்கையாகிவிட்டவர். “வலிச்சாத்தான்யா கால் கெட்டிப்படும். வலிக்குதுன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம்” என்று அவர் உபதேசம் செய்ய, இவர் தலையாட்ட, அந்தக் கூத்து ஒரு வருஷம் நடந்தது.

போதாக்குறைக்கு ஒரு வேண்டுதல். கோயிலில் கை கூப்பி நின்று, “அண்ணாமலையாரே, காலைக் குடு, பன்னெண்டு சுத்து வர்றேன்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். மலையை ஒருமுறை சுற்றினால் பதினான்கு கிலோமீட்டர். நல்ல காலுக்கே மறுநாள் எண்ணெய் தேய்க்க வேண்டியிருக்கும். இவர் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மண்ணாங்கட்டியோடு போனார். முதல் சுற்று ஐந்து மணி நேரம். பதினோராவது சுற்றுக்கு விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பியவர், மதியம் ஒரு மணிக்கு மண்ணாங்கட்டியின் தோளில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். இது நடந்தது இரண்டாயிரத்து இரண்டு, பங்குனி வெயிலில்.

மறுநாள் காலை அவருக்குச் சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனது. நாங்கள் என்ன முடிவு செய்தோம்? சூடு! எங்கள் ஊரில் எது வந்தாலும் சூடுதானே. வெயிலில், தார் ரோட்டில், வெறுங்காலோடு ஒன்பது மணி நேரம் நடந்தால் சூடு பிடிக்காமல் என்ன செய்யும்? நீர்மோர் கொடுத்தேன், இளநீர் கொடுத்தேன், வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன், உச்சியில் விளக்கெண்ணெய் வைத்தேன். தொடை இரண்டும் கல்லாக வீங்கியிருந்தன. இரண்டாம் நாள் எழுந்து உட்காரவே முடியவில்லை. அப்போதுதான் பயந்துபோய் ஒரு காரைப் பிடித்து வேலூருக்குக் கொண்டுபோனேன்.

“சூடு இல்லம்மா” என்றார் அங்கே டாக்டர். “சதை உடைஞ்சு, கரைஞ்சு, ரத்தத்துல கலந்து வெளிய போவுது. இன்னும் ரெண்டு நாள் உட்டிருந்தா கிட்னி போயிருக்கும்.”

ஐயோ, நான் விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். பாட்டில் பாட்டிலாக மருந்து ஏற்றி ஆளைக் காப்பாற்றினார்கள். பிறகு பல சோதனைகள் செய்து ஒரு பேர் சொன்னார்கள். மஸ்குலர் டிஸ்ட்ரோபி. சதை கொஞ்சம் கொஞ்சமாக நலிந்துகொண்டே போகும் வியாதி. பிறக்கும்போதே உடம்பில் இருந்ததாம். குணமாக்க மருந்து கிடையாதாம். இவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “நடை போயிடுமா சார்?”

“இப்பிடியே இழுத்துப் போட்டு நடந்தீங்கன்னா சீக்கிரமா போயிடும்” என்றார் டாக்டர்.

அவ்வளவுதான், எனக்கு அது போதும். வீட்டுக்கு வந்ததும் ஆளைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டாத குறை. காப்பி கட்டிலுக்கு வரும். சோறு கட்டிலுக்கு வரும். கக்கூசுக்குக்கூடப் பிடித்துக்கொண்டுதான் போகவேண்டும் என்று சட்டம் போட்டேன். ஐந்து வாரத்தில் குதிகால் தரையில் பதியாமல் போய்விட்டது. நின்றால் நுனிக்காலில் நின்றார். நல்லது செய்கிறேன் என்றுதான் செய்தேன், யாரிடம் சொல்லி அழுவது?

மறுபடி வேலூர். இந்தத் தடவை அருணாதேவி என்று ஒரு பிசியோதெரபிப் பெண் பார்த்தாள். என் தோள் உயரம்கூட இருக்கமாட்டாள். என்னை ஒரு பிடி பிடித்தாள்.

“படுக்க வச்சா இருக்கற பலமும் போயிடும்க்கா. யாரு படுக்கச் சொன்னாங்க?”

“நடந்தாலும் தப்பு, படுத்தாலும் தப்பு. அப்ப இன்னாதான் பண்றது, சொல்லேம்மா!” என்று நானும் கத்திவிட்டேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. இவரை வராந்தாவில் நடக்கவிட்டு, எங்கே களைக்கிறார் என்று பார்த்தாள். அறுநூறு மீட்டர் வந்தது. “சார், உங்களால முடியறதுல பாதி. அதான் உங்க கணக்கு. முந்நூறுல நின்னுடணும், இன்னும் போலாம்னு தோணும்போதே நிக்கணும். பேசிக்கிட்டே நடங்க. பேச முடியாம மூச்சு வாங்கினா அங்கயே உக்காருங்க. மறுநா காலையில வலி இருந்தா, முந்தின நா ஜாஸ்தி பண்ணிட்டீங்கன்னு அர்த்தம். ஒருநா நடை, ஒருநா ஓய்வு. பஸ்கி கூடவே கூடாது, பாரம் தூக்கக் கூடாது. சிறுநீர் நிறம் மாறினா ஓடி வந்துடணும்.” குதிகாலுக்குத் துண்டைப் போட்டு இழுக்கும் பயிற்சியை எனக்கே சொல்லிக் கொடுத்தாள். வருஷத்துக்கு ஒருமுறை இதயத்தையும் பார்க்கவேண்டும் என்று சீட்டில் எழுதினாள்.

நடக்கலாம் என்று ஒருத்தி சொன்னாளே! பஸ்ஸில் வரும்போது ஆரணி வரைக்கும் நான் தூங்கினேன். இரண்டு மாதத்தில் அதுதான் எனக்கு நல்ல தூக்கம்.

ஆறு மாதம் ஒழுங்காகப் போயிற்று. குதிகால் பதிந்தது, ஆபீசுக்குப் போனார். அப்புறம் ஆரம்பித்தார்.

“இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் தனம். பதினொண்ணு முடிச்சுட்டு ஒண்ண விட்டா நல்லாவா இருக்கு?”

ஒரே ஒரு சுற்று போதும், இந்த மனுஷன் மறுபடி எழுந்திருக்கவே மாட்டார். கத்தினேன், அழுதேன், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்தேன். மசியவில்லை. கொடுத்த வாக்கு என்பார், அதற்குமேல் பேச்சில்லை. கடைசியில் அவர் பாஷையிலேயே கேட்டேன்.

“சாமிகிட்ட இன்னா சொன்னீங்க? அதே வார்த்தையச் சொல்லுங்க.”

“பன்னெண்டு சுத்து வர்றேன்னு சொன்னேன்.”

“பௌர்ணமியிலன்னு சொன்னீங்களா?”

“இல்ல.”

“ஒரே நாள்லன்னு சொன்னீங்களா?”

கோப்பில் இல்லாத ஒரு வார்த்தையைக்கூடச் சேர்த்துப் படிக்காத ஆள் அவர். மூன்று நாள் அதையே யோசித்தார். நாலாம் நாள் சாப்பிடும்போது, “மனுவுல நாள் குறிப்பிடல” என்றார். அடேயப்பா, எனக்கு உயிர் வந்தது.

தை மாதம் ராஜகோபுர வாசலில் தொடங்கினோம். நான் டிவிஎஸ் ஃபிப்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். காலை ஆறு மணிக்குப் பின்னால் அவரையும் முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலையும் ஏற்றிக்கொண்டு போவேன். விட்ட இடத்தில் இறங்கி அவர் நடப்பார், ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நானும் கூடவே நடப்பேன். முந்நூறு மீட்டர் ஆனதும் நின்று, பக்கத்துப் புளியமரத்தில் நெடுஞ்சாலைக்காரர்கள் எழுதிய நம்பரை நோட்டில் குறித்துக்கொள்வார். மரம் இல்லாத இடத்தில் கரண்டுக் கம்பத்தின் நம்பர். அடுத்த நடை அங்கிருந்துதான். மலை சுற்றும் வழியில் இருக்கிற யமலிங்கம் கோயிலுக்கு அப்பால் ஒருநாள் ஓர் ஆள் வழிமறித்து, “ஷூ போட்டுக்கினு கிரிவலமா?” என்று கேட்டான். “உன் காலைக் கழட்டிக் குடு, இவரு வெறுங்கால்ல வருவாரு” என்றேன். இவர் சிரித்த சிரிப்பில் மூச்சு வாங்கி, அன்றைக்கு இருநூறிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஜலதோஷம், காய்ச்சல், சித்திரை வெயில் என்று நாள் தள்ளிக்கொண்டே போனது. தள்ளினால் தள்ளட்டும் என்றிருந்தோம். ஆனால் எனக்கு உள்ளுக்குள் பயம் மட்டும் விடவில்லை. நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றுதான் அடங்கி நடக்கிறார், முடிவு கண்ணுக்குத் தெரிந்தால் கட்டாயம் இழுத்துப் போட்டு நடப்பார் என்று எனக்குத் தெரியும். பதினோரு தடவை பார்த்தவள் அல்லவா.

வைகாசியில் ஒருநாள் தேரடித் தெருவுக்குள் வந்துவிட்டோம். எதிரே ராஜகோபுரம். சேதி கேட்டு மண்ணாங்கட்டி மாலையும் கற்பூரமுமாக வாசலில் நின்றிருந்தார். “இன்னும் அம்பது அடிதான்யா! வாய்யா, வந்துடு!” என்று கத்தினார். பூக்கடைக்காரிகள்கூட எழுந்து நின்று பார்த்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் வாயிலும் “வந்துடுங்க” என்று வந்துவிட்டது.

அவர் நின்றார். கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டார். பிறகு என் கையிலிருந்த ஸ்டூலை வாங்கிப் போட்டு, நடுத்தெருவில் நிதானமாக உட்கார்ந்தார்.

“மூச்சு வாங்குது தனம். மிச்சம் நாளன்னிக்கு.”

மண்ணாங்கட்டி வாய் பிளந்து நின்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. இனிமேல் இந்த ஆளை நான் காவல் காக்க வேண்டியதில்லை.

“இன்னாத்துக்கு அழுவற? வண்டிய எடு, ஆபீசுக்கு நேரமாவுது” என்றார். நான் அழுதுகொண்டே போய் வண்டியை எடுத்தேன்.